உசத்துன காடிக்கு ஷாஃப்ட்ட யாரு அளக்குறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காஹாங்ல இருந்து எழுதுறேன். குளுவாங்ல இருந்து மெர்சிங் போற 50ஆம் நம்பர் கூட்டரசு ரோட்டுல வர்ற சின்ன டவுனு, ரெண்டு பக்கமும் செம்பனைதான். நான் தோட்டத்து வர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ஓய்வு எடுத்தவன், எழுத்தெல்லாம் எனக்கு வராது, டைப் பண்றது என் பேத்தி, அவ "நீங்க பேசுற மாதிரியே போடுறேன் தாத்தா"ன்னு சொல்லிட்டா, அதனால இலக்கணம் பாக்காதீங்க.

போன ஞாயித்துக்கிழமை பத்திரிகையில நம்ம பையனுங்க பழைய போர்வீல் (நாலு சக்கரமும் இழுக்குற) காடிங்கள உசத்தி, பெரிய டயர் மாட்டி, வரிசையா நிறுத்தி எடுத்த படம் ஒண்ணு போட்டிருந்தீங்க. பாக்க சந்தோஷமாதான் இருந்துச்சு. 2023 மார்ச்சு வெள்ளத்துல குளுவாங், பத்து பகாட், செகாமட் பக்கமெல்லாம் தண்ணி ஏறி நின்னப்ப, சாப்பாட்டு பொட்டலமும் பால்மாவும் ஏத்திக்கிட்டு சின்ன காடி போக முடியாத எடத்துக்கெல்லாம் போனது இந்த மாதிரி காடிங்கதான். அதனால "எதுக்குடா இந்த வெட்டி செலவு"ன்னு கேக்குற பெருசுங்க கூட்டத்துல என்னைய சேக்காதீங்க. ஆனா அந்தப் படத்துல எல்லாரும் டயரையும் லைட்டையும் பாத்திருப்பாங்க, நான் பாத்தது காடிக்கு அடியில. ஷாஃப்ட்டுன்னா எஞ்சின் சுத்துற சுத்த சக்கரத்து பக்கம் கொண்டு போற நீளமான இரும்புத்தண்டு. மூணாவதா நிக்கிற காடியோட முன் ஷாஃப்ட்டு செவுத்துல ஏணி சாத்துன மாதிரி நிக்குது. பாத்ததும் வயித்துல புளியக் கரைச்சிருச்சு. ஏன்னா அதே கதை எங்க வீட்டுலயே நடந்துச்சு.

என் அக்கா பையன் ஒருத்தன், வேலைக்கு போயி முத சம்பளத்துலேருந்து சேத்து வச்சு ஒரு பழைய சுசுக்கி எஸ்ஜே410 வாங்குனான். நம்ம ஊருல எல்லாரும் ஜிம்னி ஜிம்னின்னு சொல்றது. 970 சிசி எஞ்சின், நாலு கியரு, சின்ன காடிதான், ஆனா சேத்துல விட்டா பெரிய காடியெல்லாம் பல்லக் காட்டுற எடத்துல இது பூனை மாதிரி ஏறிப் போயிடும். அதுல கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (எஞ்சின் சுத்த முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சுக் குடுக்குற பெட்டி) ஒட்டி இருக்காது, நடுவுல ஒரு குட்டி ஷாஃப்ட்டு, அப்புறம் முன் ஆக்ஸிலுக்கு (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற அச்சு) ஒண்ணு, பின் ஆக்ஸிலுக்கு ஒண்ணு, மொத்தம் மூணு ஷாஃப்ட்டு. காடி பாரத்த தாங்குற வில்லுப்பட்டை ஆக்ஸிலுக்கு கீழ மாட்டியிருக்கும், அத எடுத்து ஆக்ஸிலுக்கு மேல வச்சு கட்டுனா காடி ஒரேயடியா அஞ்சு இஞ்சு கிட்ட எழும்பிடும், அதுக்கு ஸ்பிரிங் ஓவர்னு பேரு. பையன் வெளியூர்ல ஒரு கடையில (பேரு வேணாம்) குடுத்து அதத்தான் செஞ்சுக்கிட்டு வந்தான். புது சாக்கெட் (ஆக்ஸில் மேல வில்லு உக்கார்ற இரும்பு மேடை), புது யூ போல்ட்டு, புது அப்சாபர், எல்லாம் பளபளன்னு. ஷாஃப்ட்டு மட்டும் காடி தொழிற்சாலையில இருந்து வந்தப்ப இருந்த அதே ஷாஃப்ட்டு. நான் அன்னிக்கே கேட்டேன், "ஷாஃப்ட்ட என்னடா பண்ணாங்க?" "ஒண்ணும் தேவையில்லன்னு சொன்னாங்க மாமா, டெஸ்டு ஓட்டிப் பாத்தாச்சு, நல்லாத்தான் போகுது." எனக்கு அப்ப முட்டி வலி, குனிஞ்சு பாக்க சோம்பல் பட்டுட்டேன். அது என் தப்புதான்.

ஒரு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்குள்ள பாரிட்டு (வாய்க்கா) ஓரமா ஒரு எடத்துல எறங்குறப்ப பின் சக்கரம் ரெண்டும் தொங்கியிருக்கு, தடார்னு ஒரு சத்தம், காடி நின்னுருச்சு. போன் அடிச்சான். நான் மோட்டார்ல டூல் பெட்டிய கட்டிக்கிட்டு போய் படுத்துப் பாத்தா, பின் ஷாஃப்ட்டு ரெண்டா பிரிஞ்சு கெடக்கு. ஒடையல, பிரிஞ்சிருக்கு. ஒரு பாதி டிஃபுல (ஆக்ஸில் நடுவுல இருக்குற பல்லுச்சக்கரப் பெட்டி) மாட்டிக்கிட்டு தரையில கெடக்கு, இன்னொரு பாதி டிரான்ஸ்ஃபர் கேஸ்ல தொங்கிக்கிட்டு, நிக்கிறதுக்குள்ள சுத்துன நாலஞ்சு சுத்துல பிரேக்கு பைப்ப அடிச்சு நெளிச்சு, ஃபுளோர் பிளேட்டுல ஒரு பள்ளம் போட்டுருக்கு. பைப்பு ஒழுகல, அது நல்ல காலம். மெதுவா போனதும் நல்ல காலம். இதே 50ஆம் நம்பர் ரோட்டுல செம்பனைக்குலை லோரிக்கு முன்னால 90ல போறப்ப நடந்திருந்தா நான் இந்த லெட்டர வேற மாதிரி எழுதியிருப்பேன். முன் முனை விட்டுப்போய் தரையில குத்துச்சுன்னா ஷாஃப்ட்டு காடியவே குத்துக்கோல் மாதிரி தூக்கி விட்டுடும்.

வீட்டுக்கு எப்படி வந்தோம்னா, பின் ஷாஃப்ட்டு ரெண்டு பாதியையும் போல்ட்ட கழட்டி எடுத்து பின்னால போட்டுட்டு, முன் ஹப்பு ரெண்டையும் (சக்கரத்த ஆக்ஸிலோட சேக்குற பூட்டு) லாக் பண்ணி, போர்வீல்ல போட்டோம், முன் சக்கரம் மட்டும் இழுத்துக்கிட்டு வந்துச்சு. பழைய காடிங்கள்ல இது ஒரு நல்ல விஷயம், அதுவும் இதுல டிரான்ஸ்ஃபர் கேஸ்ல ஃபிளேன்ஜ்தான் (போல்ட்டு போட்டு சேக்குற தட்டை வட்டு), ஷாஃப்ட்ட கழட்டுனா எண்ணெய் கொட்டாது. வழியெல்லாம் பையன் ஒண்ணும் பேசல. நானும் திட்டல.

சரி, ஏன் பிரிஞ்சுச்சுன்னு சொல்றேன், இதுதான் முக்கியம்.

ஷாஃப்ட்டுங்கிறது ஒரே குழாய் கெடையாது. நடுவுல பல்லு வெட்டுன ஒரு கம்பி இன்னொரு குழாய்க்குள்ள போய் வர்ற மாதிரி இருக்கும், ஸ்பிலைன், சிலிப் ஜாயிண்ட்டுன்னு சொல்லுவாங்க. சக்கரம் மேல கீழ ஆடறப்ப டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் டிஃபுக்கும் நடுவுல இருக்குற தூரம் கூடும் கொறையும், அதுக்கு ஏத்தாப்புல ஷாஃப்ட்டு நீண்டு சுருங்கணும். காடிய உசத்துனா என்ன ஆகுது? டிரான்ஸ்ஃபர் கேஸு காடியோட மேல போயிடுது, ஆக்ஸில் கீழயே நிக்குது. நடுவுல இருக்குற தூரம் கூடிப்போச்சு. சும்மா கணக்குக்கு ஒண்ணு சொல்றேன், ரெண்டுக்கும் நடுவுல படுக்கை வசமா 600 மில்லிமீட்டர், டிஃபு 200 மில்லிமீட்டர் கீழ இருக்குன்னு வைங்க. ஷாஃப்ட்டு நீளம் 632 வரும். காடிய 100 மில்லிமீட்டர் உசத்துனா அது 671 ஆயிடும். அதுக்கு மேல சக்கரம் இன்னும் 100 மில்லிமீட்டர் தொங்குச்சுன்னா 721. பாத்தீங்களா, மொத்தமா கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் நீளம் கூடுது. பள்ளிக்கூடத்துல படிச்ச முக்கோணக் கணக்குதான், வேற மாயம் ஒண்ணும் இல்ல. எங்க காடியில கழட்டிப் பாத்தப்ப, தரையில நிக்கிறப்பவே ஸ்பிலைன் உள்ள இருந்தது ரெண்டு விரல் அளவுக்குக்கூட இல்ல. பழைய அடையாளம் தெரிஞ்சுச்சு, முன்னாடி எது வரைக்கும் உள்ள போய் வந்துச்சோ அந்த எடம் தேஞ்சு வெள்ளையா மின்னுது, அந்த மின்னுற பாகம் முழுசும் வெளிய நிக்குது.

கடைக்காரங்க டெஸ்டு ஓட்டுனது தார் ரோட்டுல. தார் ரோட்டுல சக்கரம் தொங்காது. அதனால நல்லாத்தான் போகும்.

உசத்துன காடிக்கு ஷாஃப்ட்ட மூணு நெலமையில அளக்கணும். சேசிஸ்க்கு, அதாவது காடியோட அடிச்சட்டத்துக்கு, அடியில ஸ்டாண்டு குடுத்து (ஜாக்க மட்டும் நம்பி அடியில போகாதீங்கடா தம்பிங்களா), சக்கரம் ரெண்டையும் முழுசா தொங்க விட்டு ஃபிளேன்ஜுல இருந்து ஃபிளேன்ஜுக்கு ஒரு அளவு. அப்புறம் காடி தன் பாரத்துல தரையில நிக்கிறப்ப ஒரு அளவு. அப்புறம் வில்லு நசுங்கி ஸ்டாப்பர்ல முட்டுறப்ப ஒரு அளவு. தொங்குறப்ப பல்லு போதுமான அளவு உள்ள இருக்கணும், முட்டுறப்ப உள்ள இன்னும் ஒரு இஞ்சு கிட்ட எடம் பாக்கி இருக்கணும். அந்த எடம் இல்லன்னா ஷாஃப்ட்டு ரெண்டு பக்கமும் சுத்தியல் அடிக்கிற மாதிரி அடிச்சு டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கயும் டிஃபு பேரிங்கயும் ஒடச்சிடும். நீளமா போட்டுட்டா சரியாப் போயிடும்னு நெனச்சு கண்ணு மண்ணு தெரியாம நீளமா போட்டவனும் இருக்கான்.

எல்லா உசத்துறதுக்கும் ஷாஃப்ட்டு மாத்தணுமான்னு கேட்டா, இல்ல. பெரிய டயர் மாட்டுனா ஆக்ஸிலும் காடியும் சேந்தே மேல போகுது, ஷாஃப்ட்டுக்கு அது தெரியவே தெரியாது. பாடி லிஃப்ட்டு, அதாவது பாடிக்கும் சேசிஸ்க்கும் நடுவுல கட்டை வைக்கிறது, அதுலயும் ஷாஃப்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, கியர் கம்பி, ஸ்டீரிங்கு, ரேடியேட்டர் ஓஸு இதுங்க இழுபடுதான்னு மட்டும் பாத்துக்கணும். வில்லு பக்கம் கைய வச்சாத்தான் ஷாஃப்ட்டு கதை வரும். ஷேக்கிள (வில்லோட முனைய சேசிஸ்ல மாட்டுற இணைப்பு) மட்டும் நீளமா போட்டா காடி கொஞ்சந்தான் எழும்பும், ஆனா வில்லோட ஒரு முனை மட்டும் எறங்குறதால ஆக்ஸில் லேசா திரும்பி டிஃபோட மூக்கு (ஷாஃப்ட்டு வந்து சேர்ற முனை) வேற பக்கம் பாக்க ஆரம்பிச்சிடும். மூக்கு எந்தப் பக்கம் பாக்குதுங்கிறது ஷாஃப்ட்டுக்கு நீளத்த விட பெரிய விஷயம்.

அது எப்படின்னா, டூல் பெட்டியில சாக்கெட்டோட ஒரு குட்டி யூனிவர்சல் ஜாயிண்ட்டு இருக்கும், எடுத்து நல்லா மடக்கி சுத்திப் பாருங்க. கையில தெரியும், ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ இறுக்கி இறுக்கி விடும். நீங்க ஒரே வேகத்துல சுத்துனாலும் அந்தப் பக்கம் ஒரே வேகத்துல சுத்தாது. ஷாஃப்ட்டு முனையில இருக்குறதும் இதே சாமான்தான், குரோஸ் ஜாயிண்ட்டுன்னு பேரு, அதோட பொறவிக்குணமே அதுதான், கார்டன் ஜாயிண்ட்டு, ஹூக் ஜாயிண்ட்டுன்னு 300 வருஷத்துக்கு மேல பழைய சாமான், அதுக்கு அப்ப இருந்தே இந்தக் கோணல் உண்டு. 10 டிகிரி மடங்குனா வேகம் ஒண்ணர சதவீதம் கூடிக் கொறையும், பரவால்ல. 20 டிகிரின்னா 6 சதவீதம். 30 டிகிரி போச்சுன்னா ஒரு பக்கம் 13 சதவீதம் கொறையுது, மறு பக்கம் 15 சதவீதம் கூடுது. நான் சொன்ன கணக்குல காடி நிக்கிறப்பவே ஷாஃப்ட்டு சாய்வு 18 டிகிரியில இருந்து 27க்கு போயிடுது. எஸ்ஜே410ல டிஃபு பல்லு 4.1 (சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட்டு 4.1 சுத்து சுத்தணும்), 60 கிலோமீட்டர் வேகத்துல ஷாஃப்ட்டு வினாடிக்கு 30 சுத்துக்கு மேல சுத்தும், அப்படின்னா வினாடிக்கு 60 தடவைக்கு மேல இந்த இழுப்பு. பையனுங்க "60ல போனா சீட்டு நடுங்குது அங்கிள், டயர் பேலன்ஸ் பண்ணியும் போகல"ன்னு வருவாங்க. டயர்ல எப்படிடா போகும்?

இந்த ஆட்டத்த அடக்கத்தான் ஷாஃப்ட்டுக்கு ரெண்டு முனையிலயும் ஜாயிண்ட்டு. ஒரு முனை கூட்டுறத மறு முனை கொறைச்சிடும். ஆனா அதுக்கு ரெண்டு நிபந்தனை. ரெண்டு முனையிலயும் மடங்குற கோணம் சமமா இருக்கணும், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளேன்ஜும் டிஃபு ஃபிளேன்ஜும் ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்கணும், ரயில் தண்டவாளம் மாதிரி. அப்புறம் ரெண்டு முனை யோக்கும் (ஜாயிண்ட்ட பிடிக்கிற கவட்டை) ஒரே கோட்டுல இருக்கணும். வர்க்‌ஷாப்புல நாங்க ஷாஃப்ட்ட பிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பிலைன் ரெண்டு பக்கமும் வெள்ளை பெயிண்ட்டுல ஒரு கோடு இழுத்துடுவோம், திருப்பி மாட்டுறப்ப கோட்டோட கோடு சேரணும். ஒரு பல்லு தள்ளி மாட்டுனாலே காடி நடுங்கும். இத மண்டையில அடிச்சு சொல்லிக் குடுத்த பழைய போமன் (மேஸ்திரி) இப்ப இல்ல, ஆனா அவரு திட்டுன திட்டு மட்டும் இன்னும் காதுல இருக்கு.

ஸ்பிரிங் ஓவர் பண்றப்ப ஆக்ஸில் மேல புதுசா சாக்கெட்டு வெல்டிங் பண்ணணும் இல்லையா, மூக்கு எந்தப் பக்கம் பாக்கணும்னு அங்கதான் முடிவாகுது. முழுசா வெல்டிங் அடிச்சிட்டா அப்புறம் கிரைண்டர்தான். அதனால முதல்ல ரெண்டு புள்ளி மட்டும் வச்சு, காடிய சக்கரத்துல எறக்கி, ஆள் ஏறி உக்காந்து, கோணத்த அளந்து பாத்துட்டு அப்புறம் வெல்டிங் அடிக்கணும். கோணம் பாக்குற மீட்டரு கையடக்கமா வெல கம்மியாவே கெடைக்குது, போன்லயே இருக்குன்னு பேத்தி சொல்றா. எங்க காடியில அந்தக் கடையில வெல்டிங் அழகாத்தான் அடிச்சிருந்தாங்க, ஆனா கண்ணால பாத்து அடிச்சிருக்காங்க, பின் மூக்கு கீழ தொங்குது. நாங்க வில்லுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல இரும்பு ஆப்பு வச்சு தூக்குனோம். அலுமினிய ஆப்பும் விக்குது, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, நாள்பட நசுங்கி வெடிக்கிறத பாத்திருக்கேன்.

முன் ஆக்ஸில்ல இந்த ஆப்பு வேலைய யோசிக்காம செய்யக்கூடாது. மூக்க மேல தூக்குனா ஷாஃப்ட்டுக்கு நல்லது, ஆனா அதே ஆக்ஸில்லதான் ஸ்டீரிங்கு நக்கிளும் (சக்கரம் திரும்புற மூட்டு) இருக்கு, அது முன்னுக்கு சாஞ்சு காஸ்டர்ங்கிற பின்சாய்வு கொறைஞ்சிடும். அப்புறம் ரோட்டுல ஸ்டீரிங்கு தானா நேராகாது, காடி கள்ளு குடிச்சவன் மாதிரி ரெண்டு பக்கமும் அலையும். அதனால முன்னால நான் ஷாஃப்ட்டு கோணத்துல கொஞ்சம் விட்டுக் குடுப்பேன், ஹப்ப திறந்து வச்சா ரோட்டுல முன் ஷாஃப்ட்டு சுத்தவே போறதில்ல, சேத்துல மெதுவா போறப்ப மட்டுந்தான் அதுக்கு வேலை. ரொம்ப உசத்துன காடிக்கு மேல் முனையில ரெட்டை ஜாயிண்ட்டு போடுறாங்க, சில பேரு அத சிவின்னு சொல்லுவாங்க, அது போட்டா கணக்கு மாறிடும், இணையா இருக்கக் கூடாது, மூக்கு நேரா டிரான்ஸ்ஃபர் கேஸப் பாக்கணும், ஒண்ணு ரெண்டு டிகிரி மட்டும் தாழ்வா. ஏன் தாழ்வான்னா, ஆக்ஸிலேட்டர மிதிச்சா வில்லு முறுக்கிக்கிட்டு மூக்கு தானா மேல எழும்பும், அப்ப சரியா நேருக்கு வந்து நிக்கும். ரெட்டை ஜாயிண்ட்டு போட்டுட்டு மூக்க பழைய மாதிரியே இணையா விட்டுட்டு வந்து, காசு போச்சு நடுக்கம் போகலன்னு பொலம்புனவரு ஒருத்தர எனக்குத் தெரியும்.

அடுத்தது நீளம். ஃபிளேன்ஜுக்கு நடுவுல வைக்கிற இரும்பு ஸ்பேசர் இருக்கு, ஒரு இஞ்சு கனம். கொஞ்சமா உசத்துன காடிக்கு அது போதும், போல்ட்டு மட்டும் நீளமான நல்ல ஹைடென்சில் போல்ட்டா இருக்கணும், ஹார்ட்வேர் கடையில அள்ளிக் குடுக்குற போல்ட்டு வேணாம். ஆனா ஸ்பேசரு நீளத்தத்தான் ஈடுகட்டும், கோணத்த தொடவே தொடாது, இத மனசுல வச்சுக்கணும். அஞ்சு இஞ்சு உசத்துன காடிக்கு ஸ்பேசர் பத்தாது, ஷாஃப்ட்டயே நீளமா பண்ணணும். நாங்க குளுவாங்ல லேத்து கடை வச்சிருக்குற சீனப் பெரியவர் கிட்ட கொண்டு போனோம். அவரு பழைய குழாய ஒட்டுப்போட மாட்டேன்னுட்டாரு, பழைய குழாய அறுத்து எடுத்துட்டு புது குழாய முழு நீளத்துக்கு வச்சு, லேத்துல மாட்டி டயல் வச்சு கோணல் பாத்து, நாலு பக்கமும் புள்ளி வச்சு, திருப்பியும் டயல் பாத்து, அப்புறந்தான் சுத்தி வெல்டிங் அடிச்சாரு. ஸ்பிலைனும் நீளமானதா ஒரு பெரிய காடியோட ஷாஃப்ட்டுல இருந்து எடுத்துப் போட்டாரு. அதுக்கப்புறம் பேலன்ஸுக்கு வேற எடத்துக்கு அனுப்புனாரு, குழாய் மேல சின்னச் சின்ன தகடு ஒட்டியிருக்குமே, அது பேலன்ஸுக்கு வச்ச எடை, அழுக்குன்னு நெனச்சு தட்டி எடுத்துடாதீங்க. நாலு நாள் ஆச்சு, சில நூறு வெள்ளி ஆச்சு. பையன் "டயர் காசுல பாதிகூட இல்லையே மாமா"ன்னான். அதத்தானடா நானும் சொல்றேன்.

ஷாஃப்ட்ட கழட்டுறவங்களுக்கு இன்னொண்ணு சொல்லணும், பழைய லேண்ட் ரோவர் வச்சிருக்கிறவங்க நல்லா கேட்டுக்கோங்க. சீரிஸ் லேண்ட் ரோவர்ல ஹேண்ட்பிரேக்கு சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கு பின்னால ஷாஃப்ட்டு மாட்டுற எடத்துல ஒரு டிரம்முல இருக்கு. ஹேண்ட்பிரேக்கு பிடிக்கிறது ஷாஃப்ட்டத்தான், ஷாஃப்ட்டுதான் சக்கரத்த பிடிக்குது. பின் ஷாஃப்ட்ட எடுத்துட்டா ஹேண்ட்பிரேக்கு வெறும் அலங்காரம். நான் வேலைக்கு சேந்த புதுசுல, அப்ப எங்க தோட்டம் பால்மரம் (ரப்பர்), சின்ன தொரையோட 88 இஞ்சு லேண்ட் ரோவர பெரட்டுக்களத்து (காலையில ஆள் கணக்கெடுக்குற எடம்) மேட்டுல நிறுத்தி ஜாயிண்ட்டு மாத்துனோம். நாந்தான் போல்ட்டு கழட்டுனேன். போமன் "கட்டை வச்சியாடா"ன்னாரு, நான் "ஹேண்ட்பிரேக்கு இழுத்திருக்கேன்ணே"ன்னேன். கடைசி போல்ட்டு வந்ததும் காடி என் மேல இருந்து மெதுவா நழுவி, ஆளில்லாம, மேட்டுல இருந்து எறங்கி, ஆயாக்கொட்டகை வேலிய சாச்சுக்கிட்டுப் போய் நின்னுச்சு. நடுவுல படுத்திருந்ததால சக்கரம் ரெண்டு பக்கமும் போயிருச்சு, நான் பொழச்சேன். புள்ளைங்க உள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சுங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. கியர்ல போட்டு வச்சாலும் இதே கதைதான், ஷாஃப்ட்டு இல்லன்னா கியரு சக்கரத்த பிடிக்காது. கட்டை வைங்க.

சட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை. வண்டியோட அமைப்ப மாத்துனா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேணும், 1959ஆம் வருஷத்து கட்டுமான, பயன்பாட்டு விதிகளும் இருக்கு, 1987ஆம் வருஷத்து சாலைப் போக்குவரத்து சட்டமும் இருக்கு, உசத்துறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. அத எழுத உங்க பத்திரிகையில என்னைய விட தெரிஞ்சவங்க இருப்பாங்க. நான் சொல்ல வந்தது கடைக்காரங்களுக்கு. உசத்துற வேலை எடுக்குற கடைங்க பில்லுல சாக்கெட்டு இத்தன வெள்ளி, அப்சாபர் இத்தன வெள்ளின்னு எழுதுறீங்க, கூட ஒரு வரி எழுதுங்க: சக்கரம் தொங்குறப்ப ஷாஃப்ட்டு அளவு இவ்வளவு, நிக்கிறப்ப இவ்வளவு, முட்டுறப்ப இவ்வளவு. மூணு நம்பருதான். அத எழுதணும்னா அளக்கணும், அளந்தா தெரிஞ்சிடும். காசு குடுக்குற பையனுங்களும் பில்லுல அந்த வரி இல்லாம காடிய எடுக்காதீங்க. வாயால "ஒண்ணும் தேவையில்ல"ன்னு சொல்றவன கையால எழுதச் சொல்லுங்க.

ஏற்கனவே உசத்தி ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்க இன்னிக்கே குனிஞ்சு பாருங்க, கருவி ஒண்ணும் வேணாம். காடிய சமமான எடத்துல நிறுத்தி ஸ்பிலைன் கம்பியப் பாருங்க, தேஞ்சு மின்னுற எடம் நெறைய வெளிய தெரிஞ்சா ஆபத்து. ரப்பர் பூட்டு போட்டிருந்தா மேல தள்ளிட்டுப் பாருங்க. அப்புறம் காடிய கட்டை வச்சு நிறுத்தி, கியர எடுத்துட்டு, குரோஸ் ஜாயிண்ட்ட கையால ஆட்டிப் பாருங்க, கடகடன்னு ஆடக்கூடாது. சுத்தி செவப்பா துரு மாவு கொட்டியிருந்தா உள்ள ஊசி பேரிங் செத்துப்போச்சுன்னு அர்த்தம். தண்ணியில எறங்கி வந்த காடிக்கு அன்னிக்கே கிரீஸ் அடிங்க, மறுநாள்னு விடாதீங்க, நாலு மூலையில இருந்தும் புது கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும். ஷாஃப்ட்டு முன் முனைக்கு கிட்ட ரெண்டு இஞ்சு தகட்டுல ஒரு வளையம் பண்ணி சேசிஸ்ல போல்ட்டு போட்டுட்டா, பிரிஞ்சாலும் தரையில குத்தாது. எங்க காடிக்கு போட்டாச்சு. காஹாங்ல இருந்து எண்டாவ் ரொம்பின் காட்டு வாசல்ல இருக்குற கம்போங் பெத்தாவுக்கு போற மண் ரோடு 56 கிலோமீட்டர், அதுல போன மாசம் போய்ட்டு வந்துட்டான், பின் சீட்டுல நான். முட்டி வலிதான், ஷாஃப்ட்டு சத்தம் இல்ல.

ஆசிரியர் ஐயா, லெட்டர் நீண்டு போச்சு, பேத்தி முறைக்கிறா. எடம் பத்தலன்னா லேண்ட் ரோவர் கதைய வெட்டிக்கோங்க, அது என் மானம் போன கதைதான். மூணு அளவு எடுக்கச் சொன்ன எடத்த மட்டும் வெட்டாதீங்க. அப்புறம் அந்தப் படத்த எடுத்தவரு யாருன்னு உங்களுக்குத் தெரியும், மூணாவது காடிக்காரத் தம்பிகிட்ட முன் ஷாஃப்ட்ட பாக்கச் சொல்லிடுங்க. காஹாங் பக்கம் வந்தா நானே பாத்துக் குடுக்குறேன், கூலி வேணாம், ஒரு கோப்பி போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத்து ஃபிட்டர்,
காஹாங், ஜோகூர்